ஐந்தாவது குட்டி

பேராமைக் குடும்ப பொம்மை செட் வாங்க நினைப்பவர்கள் முதலில் குட்டியைத் திருப்பி வயிற்றைப் பாருங்கள். தாய் ஆமையில் யாரும் ஏமாறுவதில்லை. அதைக் கையில் எடுத்தாலே கனம் காட்டிக்கொடுத்துவிடும். குட்டியில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். ஒரிஜினல் குட்டியின் வயிறு நாள்பட்ட வெண்ணெய் நிறம். காப்பியின் வயிறு சுண்ணாம்பு வெள்ளை. லென்ஸ் இருந்தால் முதுகையும் பாருங்கள். ஓட்டின் நடு வரிசைக்கு இரண்டு பக்கமும் நான்கு நான்கு கட்டம் இருந்தால் ஒரிஜினல். ஐந்தைந்து இருந்தால் காப்பி. நிஜமான பேராமைக்கு நான்குதான். காப்பி அடித்தவன் ஏதோ வேறு ஆமையின் படத்தைப் பார்த்து மோல்ட் செய்திருக்கிறான், பாவம்.

நம் பொம்மை சேகரிப்புக் குழுவில் இதை விரிவாக எழுதச் சொன்னது கண்ணாடி அண்ணன். போன மாதம் நான் போட்ட போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவர்தான் கேட்டார்: "தம்பி, இடது ஓரத்துக் குட்டி வேற வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கே?" நான் சிரிக்கிற முகம் ஒன்று போட்டு, "வளர்ப்புப் பிள்ளைண்ணே" என்று பதில் எழுதினேன். நாற்பது பேர் சிரித்தார்கள். அந்தப் போட்டோவில் இருந்த தவறைக் கண்டுபிடித்த ஒரே மனிதர் அவர். அவருக்கு நான் ஒழுங்கான பதில் தர வேண்டும். அதுதான் இது.

நான் செல்போன் ரிப்பேர் செய்கிறவன். அக்கா வீட்டில் இருக்கிறேன், மாடி அறை எனக்கு. அக்கா மருந்துக்கடையில் பில் போடுகிறாள். மாமா லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் மகளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. நாங்கள் குட்டிம்மா என்று கூப்பிடுவோம். நான் பெட்டிகளோடு குடிவந்த அன்றைக்கே மாமா அலமாரி முன்னால் நின்று பார்த்தார்.

"ஏன் மாப்ள, ஊர்ல எல்லாரும் பொண்ணு போட்டோவ வச்சிட்டு மூக்கு சரியில்ல, முழி சரியில்லன்னு பாக்குறான். நீ ஆமைக்கு பாக்குற."

"ஆமை திருப்பி கேள்வி கேக்காது மாமா."

"அது சரி. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. பாப்பா எத எடுத்தாலும் வாய்ல வைக்குறா. அவ கையில ஒரே ஒரு ஆமைய பாத்தேன், மொத்தக் கூட்டத்தையும் மூட்டை கட்டி குப்பை வண்டில ஏத்திருவேன். அப்புறம் மாமா அப்படி இப்படின்னு வரக் கூடாது."

அவர் சொன்னால் செய்வார். நியாயமான நிபந்தனைதான், நான் குறை சொல்லவில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் மேல் தட்டில் வைத்தேன். சம்பளத்தில் பாதியைப் போட்டு வாங்கிய பேராமைக் குடும்பம் நடுவில். தாய் ஒன்று, குட்டி ஐந்து. குட்டி ஒவ்வொன்றும் ஒரு நிலக்கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும். அந்த அளவில் நகம் தெரிகிறது என்றால் பாருங்கள்.

ஒருநாள் எனக்கு வார விடுமுறை. குழந்தைக் காப்பகத்துக்கும் விடுமுறை. குட்டிம்மா என் பொறுப்பு. மதிய வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சரியாக விழுந்துகொண்டிருந்தது. ஒரிஜினல் ஐந்தையும், ஒப்பிட்டுக் காட்ட வாங்கியிருந்த காப்பி ஐந்தையும் எதிரெதிரே ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, தரையில் குப்புறப் படுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் என் முதுகில் ஏறிக் குதிரை ஓட்டினாள். கீழே கூரியர்காரர் கூப்பிட்டார். போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர். முதுகில் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் இருமல் நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு துணியைப் பார்த்தேன். காப்பி ஐந்து இருந்தது. ஒரிஜினல் நான்கு.

கட்டிலுக்கு அடியில், பாய்க்கு அடியில், அவள் சட்டை மடிப்பில், இரண்டு உள்ளங்கையில், வாயில் எல்லாம் பார்த்தேன். "ஆமை எங்கடா செல்லம்?" என்று கேட்டேன். நெஞ்சைத் தொட்டு, "தூங்குது" என்றாள்.

வயிற்றுக்குத்தான் போயிருக்கும், இரண்டொரு நாளில் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். பலரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். வந்தால் கழுவி எடுத்து வைத்துவிடலாம். எதற்கு ஒரு வீட்டையே கலவரப்படுத்த வேண்டும்? மாலையில் அக்கா வந்தாள். "சமத்தா இருந்தாளாடா?" என்றாள். "ரொம்ப சமத்து" என்றேன். அது பொய் இல்லை.

வெளியே வரவில்லை. இருமல்தான் வந்தது. முதலில் சளி என்றார்கள், பிறகு இழுப்பு என்றார்கள். அக்கா தன் கடையிலிருந்தே மருந்து கொண்டுவந்தாள். முதலில் சந்தேகப்பட்டது காப்பகத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாதான். ஒருநாள் நான் கூட்டிவரப் போனபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இவ மூச்சு விடுறப்ப ஒரு பக்கம் விசில் மாதிரி கேக்குது. எதையாச்சும் முழுங்கிட்டாளோ? எனக்கு மனசு சரியில்ல. அக்காகிட்ட சொல்லுங்க, ஆஸ்பத்திரில காட்டட்டும்."

"சொல்றேங்க" என்றேன். சொல்லத்தான் நினைத்தேன். அன்றைக்கு அக்கா களைத்து வந்திருந்தாள்.

ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்த நாட்களில் அவளை என்னைவிட யாரும் கவனித்துக்கொள்ளவில்லை. அவள் இருமத் தொடங்கினால் நான்தான் முதலில் ஓடுவேன். மடியில் குப்புறப் போட்டு, வாயடியில் கைக்குட்டையைப் பிடிப்பேன். ஒவ்வொரு முறையும் கைக்குட்டையை வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பேன். அக்கா அழுதுவிடுவாள். "பெத்தவ நானே முகம் சுளிக்கிறேன், இவன் பாருங்க" என்று மாமாவிடம் சொல்வாள். சளிதான் இருக்கும். வேறு எதுவும் இருக்காது.

காய்ச்சல் இறங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தைகள் டாக்டர் சின்ன வயசுப் பெண். எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிவிட்டு, எங்கள் மூன்று பேரையும் பார்த்துக் கேட்டார்.

"வலது பக்கம் காத்து சரியா போகல. கடலை, பாசிமணி, பொம்மை மாதிரி எதாச்சும் வாய்ல போட்டாளா? நல்லா யோசிச்சு சொல்லுங்க. பிளாஸ்டிக் எக்ஸ்ரேல தெரியாது. சந்தேகம்னா மயக்கம் குடுத்து டியூப் விட்டுப் பாக்கணும். இப்ப இருக்குற நிலைமைல மயக்கம் குடுக்கறதே ரிஸ்க். காரணம் இல்லாம செய்ய எனக்கு விருப்பமில்ல."

மாமா என் பக்கம் திரும்பினார். "மாப்ள. உன் ஆமைங்க எல்லாம் இருக்கா?"

அக்காதான் முந்திக்கொண்டாள். "அவன் தெனம் எண்ணுறவன்ங்க. ஒண்ணு காணாமப் போனா நம்ம தூங்கவே விட்டிருக்க மாட்டான்."

"இருந்தாலும் போய்ப் பாத்துட்டு ஒரு போட்டோ அனுப்புடா" என்றார் மாமா. "என் கண்ணால பாத்தாத்தான் மனசு ஆறும்."

வீட்டுக்குப் போனேன். மேல் தட்டில் தாயைச் சுற்றி நான்கு குட்டிகளை வைத்தேன். ஐந்தாவது இடத்தில் காப்பிக் குட்டி ஒன்றை வைத்தேன். அதன் முகத்தைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பினேன். காப்பிக்குக் கழுத்தில் மோல்ட் சேரும் கோடு தெரியும் அல்லவா, அதற்காக. ஜன்னலைத் திறந்தபோது அன்றைய அதே வெளிச்சம். படம் அருமையாக வந்தது. மாமாவுக்கு அனுப்பினேன். இவ்வளவு நன்றாக வந்த படத்தை வீணாக்குவானேன் என்று நம் குழுவிலும் போட்டேன். கண்ணாடி அண்ணன் பெரிதாக்கிப் பார்த்தது அதைத்தான்.

மாமா போனில் எண்ணியது எனக்குக் கேட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. எல்லாம் இருக்கு டாக்டர்."

நான் யாரிடமும் ஐந்து ஒரிஜினல் இருக்கிறது என்று சொல்லவில்லை. யாரும் அப்படிக் கேட்கவும் இல்லை. ஐந்து குட்டி கேட்டார்கள், ஐந்து குட்டி காட்டினேன். டாக்டர் நெஞ்சுச்சளிக்கு ஊசியை மாற்றினார். டியூப் விடவில்லை. குட்டிம்மா அந்த வாரமே போய்விட்டாள். கடைசியாக நான் பார்த்தபோது மூக்கில் குழாய் இருந்தது. என்னைப் பார்த்துக் கையை விரித்துக் காட்டினாள், "என்கிட்ட இல்ல" என்பது போல. நான் தலையாட்டினேன். நான் அவளைக் கோபித்துக்கொண்டதே இல்லை.

காரணம் தெரியாமல் விடமாட்டேன் என்று டாக்டர் பிடிவாதமாக இருந்ததால் உடலைப் பரிசோதித்தார்கள். மூச்சுக்குழாயில் இருந்த ஆமையை எடுத்து ஒரு சின்னப் பாட்டிலில் போட்டார்கள். போலீஸ் வந்தது. மாமா தன் போனில் அதன் படத்தை வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்கு ஏறி, அலமாரி முன் நின்று, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஐந்து. என் தோளில் முகத்தை வைத்து அழுதார்.

"உன்னப் போய் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டுட்டேன்டா மாப்ள. அந்தப் பொம்பளதான். காப்பகத்துல ஒரு டப்பா நெறைய மீனு, ஆமைன்னு போட்டு வச்சிருக்கா. எம் புள்ள எடுத்து முழுங்குற வரைக்கும் என்னத்தப் பாத்துட்டு இருந்தா? பண்ணதெல்லாம் பண்ணிட்டு, அவளே வந்து விசில் சத்தம் கேக்குதுங்குறா பாரு."

காப்பகத்தை மூடி சீல் வைத்துவிட்டார்கள். அந்த அம்மாவைக் கொண்டுபோய் உள்ளே வைத்திருக்கிறார்கள். தன் டப்பாவில் இவ்வளவு சின்ன ஆமையே இல்லை என்று எல்லோரிடமும் அழுகிறாராம். அவர் சொல்வது உண்மை. அந்த டப்பாவை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் கட்டைவிரல் நீளம், பெயிண்ட் படுமோசம்.

அக்கா வேலைக்குப் போவதில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்தால் மட்டும் பேசுகிறாள். "நீ ஒருத்தன்தான்டா அவ இருமுறப்பல்லாம் ஓடி வந்த" என்கிறாள். இந்த வீட்டில் இனி எதுவும் சரியாகாது. நான் சொன்னாலும் ஆகாது, சொல்லாவிட்டாலும் ஆகாது. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனாலும் நாளைக் காலையில் ஸ்டேஷனுக்குப் போகப் போகிறேன். ஒரு தப்பும் செய்யாத மனுஷி உள்ளே இருப்பது தூக்கத்தைக் கெடுக்கிறது. எல்லாவற்றையும் இங்கே எழுதியது போலவே அங்கேயும் சொல்வேன். அது என் அறையில், என் துணியிலிருந்து அவள் எடுத்தது, விழுங்கியது எனக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்துதான் காப்பியை வைத்தேன். மீதி நான்கையும் எடுத்துப்போய் வயிற்று நிறத்தையும் முதுகுக் கட்டத்தையும் காட்டினால், அது எந்த செட்டைச் சேர்ந்தது என்று அவர்களுக்கே புரிந்துவிடும். என்னுடையது என்று நான் நிரூபிக்காவிட்டால் அவர்கள் எப்படி அதைத் திருப்பிக் கொடுப்பார்கள்?

மாமாவின் போனில் இருந்த பாட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துடுப்பு நான்கும் அப்படியே இருக்கிறது. இத்தனை நாள் உள்ளே இருந்தும் ஒரு கீறல் இல்லை. ஒரிஜினல் என்றால் ஒரிஜினல்தான்.

கண்ணாடி அண்ணனுக்கும் விவரம் தெரிந்த மற்றவர்களுக்கும் ஒரே ஒரு கேள்வி. பாட்டிலில் ஊற்றியிருக்கும் அந்த மருந்துத் தண்ணீர் பெயிண்டை அரிக்குமா? கேஸ் முடிய வருஷக்கணக்கில் ஆகும் என்கிறார்கள்.