சின்னதே போதும்

கேமரா வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், எதை வாங்குவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அது சரி என்று நம் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். செங்கம் ரோட்டில் இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், சார். ஆதிமூலம் கடை என்றால் ஆசிரமத்துப் பக்கம் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுவந்து விடுவார்.

கடையில் இரண்டு கேமராக்களை அடுத்தடுத்து வைத்திருப்பேன். ஒன்று மீடியம் ஃபார்மட் என்கிற பெரிய ரகம். ஒரு சின்னக் காரின் விலை, கையில் எடுத்தால் செங்கல் கனம். இன்னொன்று புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் வாங்கும் மிரர்லெஸ் என்கிற சின்ன ரகம். குழம்புகிறவரை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், இரண்டாலும் மலையை மும்மூன்று படம் எடுக்கச் சொல்வேன். பிறகு கீழே பெரிய திரையில், பாதி மலையில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு பாறையை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவேன். சின்னதில் அது வெறும் சாம்பல் திட்டு. பெரியதில் வெடிப்பில் முளைத்த புல்கூடத் தெரியும். பார்த்தவர் பெரியதன் விலையைக் கேட்பார்.

அந்த நேரம் பார்த்து மாறன் வாயைத் திறப்பான். ஆறு வருஷமாக என்னிடம் வேலை பார்த்தவன், கீழ்பென்னாத்தூர்க்காரன், முப்பது வயது. "ஆரம்பத்துக்கு இது போதுங்க" என்று சின்னதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுவான். கெட்டவன் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். மூன்று வருஷமாகப் பெரியது கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. வருகிறவர்களோ மாறன் இல்லையா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் நாளைக்கு வருகிறேன் என்று படியிறங்கிப் போய்விடுவார்கள். என் கடை, என் பேர், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, படமெடுக்கலாம் வா என்று அவனை மலைக்குக் கூட்டிப்போனேன். ஏற அனுமதி இல்லாத பக்கம், ஆள் நடமாட்டம் கிடையாது. எந்தப் பாறை என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. மூன்று வருஷமாகத் திரையில் பார்த்த பாறை, அதன் ஒவ்வொரு வெடிப்பும் அத்துப்படி. கீழேயிருந்து பார்த்தால் அங்கே ஆள் நிற்பது கண்ணுக்குத் தெரியாது. அதையும் யோசித்து வைத்திருந்தேன்.

இறங்கும்போது நான் தனியாக இறங்கினேன். மாறன் தனியே போய்க் கால் இடறி விழுந்துவிட்டான் என்று ஊரே பேசியது. நான் அன்று வேங்கிக்காலில் ஒரு கல்யாண வேலையில் இருந்ததாகச் சொன்னேன். காரியத்தன்று பந்தியில் நின்று பரிமாறினேன்.

அவன் தங்கை கவிநிலாவும் என் கடையில்தான் வேலை. இருபதாம் நாள் அவள் வேலைக்குத் திரும்பிய அன்றே பார்சுவநாதன் ஐயா வந்தார். ஆரணிப் பக்கத்துச் சமணக் குடும்பம், கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். அவர்கள் ஊர்க் கோயிலில் தேய்ந்துபோன கல்வெட்டுகளைப் படமெடுக்க வேண்டுமாம். அந்த வியாழக்கிழமையே வந்திருக்கிறார். மாறன் வரச் சொல்லியிருந்தானாம். அவனைக் காணாததால் கவிநிலாவே மாடிக்குக் கூட்டிப்போய் ஆறு படமும் எடுக்க வைத்திருக்கிறாள். படங்களைத் திறந்து பார்ப்பதற்குள் மாறன் செய்தி வந்துவிட்டது.

"கல்வெட்டுக்குன்னா பெருசுதான் வேணும், சின்னது பத்தாதுன்னு மாறன் போன்லயே சொன்னாருங்க" என்றார்.

மூன்று வருஷமாக நான் விற்க முடியாததை மாறன் ஒரு போனில் விற்றிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. படங்களைத் திறந்தேன். ஓரத்தில் தேதியையும் நேரத்தையும் பார்த்த பிறகு சிரிப்பு போய்விட்டது.

பாறைப் பக்கம் போகாமல், அடிவாரத்துப் புளியமரம் ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டினேன். இரண்டுக்கும் வித்தியாசம் ரொம்பக் கம்மிதான் என்றேன். "உங்களுக்குச் சின்னதே போதுங்க ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். விற்கிறவனே வேண்டாம் என்று சொல்வதை அவர் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. கவிநிலா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பவும் அந்தப் பாறையத்தானே காட்டுவீங்க சார்" என்றாள். "இன்னிக்கு ஏன் மரத்தைக் காட்டுறீங்க?"

என் பதிலுக்குக் காத்திருக்காமல் மவுஸை வாங்கினாள். படத்தை மூடிவிட்டால் சந்தேகம் வரும் என்று நான் விட்டுவிட்டேன். சின்னக் கேமராவின் படத்தில் சாம்பல் திட்டுதான். பெரியதன் முதல் படத்தில் பாறைமேல் இரண்டு பேர். இரண்டாவதில் இருவரும் நெருங்கி நின்றார்கள். மூன்றாவதில் ஒருவன் மட்டும் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. தோளில் ஆரஞ்சு நிற மழையுறை போட்ட பை தெரிந்தது. அதே பை அப்போது என் நாற்காலிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் பையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "வேங்கிக்கால்ல இருந்தேன்னு சொன்னீங்களே சார்" என்றாள். குரல்கூட உயரவில்லை. பார்சுவநாதன்தான் வெளியே போய் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்.

எழுதிக்கொள்ளுங்கள். மாறனைத் தள்ளியது நான்தான், இரண்டு கையாலும். அதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் தப்பிப்பதற்காக நான் சின்னதைத் தன் தலையில் கட்டப் பார்த்ததாக அந்த ஐயா எழுதிக் கொடுத்திருக்கிறாராமே, அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள், சார். இருபது வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரையும் நான் ஏமாற்றியதில்லை.