கையேட்டில் பிழை இல்லை

கையேட்டை யாரும் விரும்பிப் படிப்பதில்லை, தலைவர் ஐயா. புதிதாகத் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினால், அட்டைப் பெட்டியோடு சேர்த்து அதையும் ஒரு மூலையில் போட்டுவிடுகிறோம். ஏதாவது மக்கர் பண்ணும்போதுதான் தேடுகிறோம். கையேடு எழுதியே பிழைத்தவள் நான். எனக்கு இதில் வருத்தம் கிடையாது.

உங்கள் விசாரணை அறிக்கையை நேற்று சுகுமாரன் அண்ணன் கொண்டுவந்து காட்டினார். மரண சகாயச் சங்கத்தின் பொருளாளர் பதவியிலிருந்து அவரை எடுத்துவிட்டீர்கள். அது உங்கள் இஷ்டம். ஆனால் கடைசிப் பக்கத்தில், கணக்கு மென்பொருளின் கையேடு குழப்பமாக இருந்ததால் நேர்ந்த தவறு என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கையேட்டை எழுதியவள் நான், அகல்யா. அதில் குழப்பம் எதுவும் இல்லை. நடந்தது தவறும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். தண்ணீர் ஒன்றும் வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்.

எங்கள் அலுவலகம் புக்கிட் பெருவாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது. முதலாளி ரிதுவான். அவர் விற்கும் மென்பொருளில் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்து என்டரைத் தட்ட வேண்டும். பழைய கணினியிலும் ஓடும், விலையும் குறைவு. அதனால் கோவில்கள் வாங்கின. ரப்பர்த் தோட்டங்கள் கலைந்த பிறகும் கலையாமல், அங்கத்தினர் வீட்டுச் சாவுக்குக் கூடாரமும் நாற்காலியும் ஆளும் அனுப்புகிற உங்களுடையதைப் போன்ற மரண சகாயச் சங்கங்களும் வாங்கின. ஒவ்வோர் அங்கத்தினருக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு ஒரு கணக்கு. கணக்கை மூடினால் அங்கத்துவம் போயிற்று. மென்பொருளைக் கட்டியவள் தேவமலர். அதை மனிதர்களுக்குப் புரிய வைத்தவள் நான்.

தேவமலரும் நானும் தோட்டத்தில் அடுத்தடுத்த லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். நான் தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே என் அம்மா போய்விட்டார். அதற்குப் பிறகு இரவுச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான். அவள் அம்மா பெத்தம்மாள் காலையில் ரப்பர் மரம் சீவிவிட்டு, பிற்பகலில் துரை வீட்டுப் புல்லையும் வெட்டிவிட்டு வந்து சமைப்பார். கருவாடு ஒன்றுதான் இருக்கிறதென்றால் அதைச் சரிபாதியாக உடைத்து எங்கள் இரண்டு தட்டிலும் வைப்பார். இதை நான் மறைக்கவில்லை, நன்றி கெட்டவள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

இனி கையேட்டு விஷயத்துக்கு வருகிறேன். உதாரணத்தை வைத்துத்தான் எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் நம் ஆட்கள் உதாரணத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வதோடு நிறுத்த மாட்டார்கள். அதை அப்படியே அடிப்பார்கள். முதல் பதிப்பில் மரணச் செலவை எழுதுவதற்கு உதாரணமாக நல்லமுத்து என்று ஒரு பெயரைப் போட்டிருந்தேன். கோலா சுங்கை பாரு சங்கத்தில் அதை அப்படியே அடித்துவிட்டார்கள். அங்கே நிஜமாகவே ஒரு நல்லமுத்து இருந்திருக்கிறார். கூடாரமும் நாற்காலியும் ஏற்றிய லாரி அவர் வீட்டு வாசலில் போய் நின்றபோது, மனிதர் வீட்டு முன் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தாராம். "டேய், நான் இன்னும் சாவலடா, லாரிய எடுங்கடா!" என்று கத்தியிருக்கிறார்.

தேவமலரும் நானும் அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் ஒரு விதி போட்டாள். இனி உதாரணங்களில் எந்தச் சங்கத்திலும் இல்லாத எண்ணைத்தான் போட வேண்டும், ஒன்பதாயிரத்துக்கு மேல். அதோடு, நிஜக் கணக்கில் யாரும் கை வைக்காதபடி, "பயிற்சிப் பிரதியில் மட்டும் அடித்துப் பார்க்கவும்" என்ற வரி ஒவ்வொரு பக்கத்திலும் வர வேண்டும். நல்ல விதிதான். பல ஆண்டுகள் நானும் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

அவள் எனக்குச் செய்ததை இப்போது சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் கடைசிப் பருவத்துத் தேர்வை நான் எழுதவில்லை. அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். வேலைக்கு மனுப் போடும்போது டிப்ளோமா முடித்ததாக எழுதிக் கொடுத்தேன். அப்படி எழுதச் சொன்னதே தேவமலர்தான். "போட்டுருலா, எவன் பாக்கப் போறான்" என்றாள். இந்த உலகத்தில் அது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

சென்ற ஆண்டு ஒரு பெரிய வாடிக்கையாளர், ஊழியர்கள் எல்லாருடைய சான்றிதழும் வேண்டும் என்று கேட்டார். ரிதுவான் தேவமலரை அறைக்குள் அழைத்து, அகல்யாவுடையது ஏன் இன்னும் வரவில்லை என்று விசாரித்திருக்கிறார். அவள் சொல்லிவிட்டாள். நேருக்கு நேர் கேட்டபோது பொய் சொல்ல வாய் வரவில்லை என்று பிறகு என்னிடம் அழுதாள். என்னை உடனே நிறுத்தாமல் மூன்று மாத ஒப்பந்தம் போட வைத்ததும் தானே என்றாள். "உனக்காக அவர்கிட்ட எவ்ளோ கெஞ்சினேன் தெரியுமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கேட்டால் சொல்லிவிடுவதா? ஒரே கருவாட்டைப் பங்கிட்டுத் தின்றவளுக்காக ஒரு பொய் சொல்லக்கூட முடியாதா? எழுதச் சொல்லும்போது வந்த வாய், காப்பாற்ற வேண்டிய நேரத்தில் எங்கே போனது? அவள் அழுததைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. நான் கையை விலக்கிக்கொள்ளவில்லை. சரி விடுலா என்று சொல்லி, டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன்.

அந்த மூன்று மாதத்துக்கு எனக்குக் கொடுத்த வேலை, கையேட்டை மேம்படுத்துவது. பொருளாளர்கள் பலரும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், எழுத்து பெரிதாக வேண்டும், வளவள என்று இருக்கக் கூடாது என்றார் ரிதுவான். அப்படியே செய்தேன். அதைவிட நல்ல வேலையை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு கட்டளை, அதன் கீழே கட்டம் போட்டு ஓர் உதாரணம். பயிற்சிப் பிரதி பற்றிய வரி பக்கத்துக்குப் பக்கம் வந்து கண்ணை உறுத்தியது. அதை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, "கீழுள்ளதை அடித்துப் பாருங்கள்" என்று போட்டேன். படிப்பவருக்கு அது தைரியம் கொடுக்கும்.

கணக்கை மூடும் பக்கத்துக்கு ஓர் எண் தேவைப்பட்டது. நான் 218 போட்டேன். காரணம் என்ற இடத்தில் "சொந்த விருப்பத்தில் விலகினார்" என்று போட்டேன்.

218 யாருடைய எண் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். பெத்தம்மாள் சங்கத்தில் சேர மனு எழுதிக் கொடுத்தவளே நான்தான், அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். அவர் ஓராண்டாக டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். மருத்துவர் கைவிரித்துவிட்டதைத் தேவமலர் முதலில் சொன்னது என்னிடம்தான். சந்தாவை அவள் ஆண்டுத் தொடக்கத்திலேயே மொத்தமாகக் கட்டிவிடுவாள், நடுவில் அதை வாங்க யாரும் வீடு தேடிப் போக மாட்டார்கள். இவையெல்லாம் அவளே என்னை நம்பிச் சொன்ன விஷயங்கள்.

மற்றச் சங்கங்களிலும் 218 என்று ஓர் அங்கத்தினர் இருந்திருப்பார். நான் அதை யோசிக்காமல் இல்லை. அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, எனக்கும் அவர்களுக்கும் ஒரு பகையும் கிடையாது. இரண்டு இடங்களில் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மற்ற இடங்களில் இன்னும் யாரும் சாகவில்லை போலிருக்கிறது.

சுகுமாரன் அண்ணன் உங்கள் சங்கத்துக்குப் புதுசு. புக்கிட் ரம்பாயில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், பெத்தம்மாள் யாரென்றே அவருக்குத் தெரியாது. அவர் கவனக்குறைவாக அடித்தார் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்களே, அது பெரிய அநியாயம். அடிக்கும் முன் அவர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்த ஒப்பந்த நாட்களில் உதவி கேட்டு வரும் அழைப்புகளை எடுத்தது நான்தான்.

"தங்கச்சி, புக்குல இருநூத்திப் பதினெட்டுன்னு போட்டிருக்கு. நம்ம லிஸ்ட்லயும் அந்த நம்பர்ல ஆள் இருக்காங்கலா. அப்படியே அடிக்கலாமா?"

அந்த நேரத்தில் நான் நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். வேறு எண் அடியுங்கள் அண்ணே என்று ஒரு வார்த்தை போதும். தேவமலர் எதிர் மேசையில் உட்கார்ந்து அம்மாவுக்குக் கஞ்சி வாங்குவது பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"புக்குல உள்ளபடியே அடிங்கண்ணே. ஒண்ணும் ஆகாது, அது வெறும் உதாரணம்தான்."

அவர் அடித்தார். நன்றி தங்கச்சி என்றார். ஆக, அவர் மேல் குற்றம் இல்லை. கையேட்டின் மேலும் குற்றம் இல்லை. சொன்னதை அவர் செய்தார், எழுதியதை அது சொன்னது. அறிக்கையைத் திருத்தும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில், விலகியவர்கள் என்று பெத்தம்மாள் பெயரை வாசித்தீர்கள். ஞாபகம் இருக்கிறதா? நானும் அங்கத்தினர், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உடனே குஞ்சம்மா அக்கா, "மக பெரிய ஆளாயிட்டா, பங்களா வீட்டுக்கு நம்ம கூடாரமெல்லாம் எதுக்கு" என்றார். சிலர் சிரித்தார்கள். காலங்காலமாகக் கூட மரம் சீவியவர்களுக்கு மனசு விட்டுப்போனது. ஒருவர்கூடத் தொலைபேசியை எடுத்து, ஏன் விலகினீர்கள் என்று கேட்கவில்லை. நம் ஆட்களுக்கு ரோஷம் அதிகம், ஐயா. அதைக் கையேட்டில் எழுத வேண்டியதில்லை.

பெத்தம்மாள் ஆவணி மாதம் ஒரு காலையில் போனார். தேவமலர் சங்கச் செயலாளரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நீங்கதானேம்மா பேர எடுத்தீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போகவில்லை. அரசல்புரசலாகக் கேள்விப்பட்டவர்களும் வரவில்லை, வேண்டாம் என்று போனவர்கள்தானே என்று இருந்துவிட்டார்கள். நம் தோட்டத்தில் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து செத்தவனுக்குக்கூட ஊரே திரண்டு வந்திருக்கிறது. பெத்தம்மாளுக்குத் தோள் கொடுக்க நான்கு பேர் இல்லை. சவ ஊர்தியோடு வந்த கூலி ஆட்கள்தான் தூக்கினார்கள். அவர்களில் ஒருவர் நடுவில் கைப்பேசியை எடுத்து அடுத்த இடத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சீனர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தலைகுனிந்து கும்பிட்டார்.

நான் காலையிலேயே போய்விட்டேன். பெத்தம்மாளைக் குளிப்பாட்ட வேறு பெண்கள் இல்லாததால் நானும் தேவமலரும்தான் குளிப்பாட்டினோம். உடம்பு சின்னப் பிள்ளையுடையது மாதிரி ஆகியிருந்தது. நான்தான் தலை சீவிப் பூ வைத்தேன். எனக்கு அழுகை வந்தது, அது நடிப்பு இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை.

தேவமலர் காலி நாற்காலிகளைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றாள். அம்மா அப்படி யாருக்கு என்ன கெடுதல் செய்தாங்க என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு என் தோளில் சாய்ந்து, "நீயாவது வந்தியேலா" என்று கதறினாள். கூடவே இருந்தவர்கள் கைவிட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு அவள்மேல் பழைய பாசம் வந்தது.

இன்று காலையில்கூட அவளுக்கு இட்டிலி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் இங்கே வருகிறேன். அவளிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றால் நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். சங்கத்தில் இருக்கிற அத்தனை பேரில், அந்தச் சாவுக்குப் போனவள் நான் ஒருத்திதான். துரோகம் செய்கிற புத்தி இருந்திருந்தால் நான் போயிருப்பேனா, ஐயா?