மைக்கில் சொன்ன பொய்

வெளிநாட்டுக் கார்கள் ஓடிய சென்னைப் பந்தயத்தில் மைக் பிடித்தவரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வாடிப்பட்டி பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, முன்சீட்டில் ஒரு லாரி மெக்கானிக்கும் அவருடைய மைத்துனரும் பேசியதைக் கேட்டேன்.

“ஸ்போர்ட்ஸ் காருக்கு வீல் மாட்டப் போயி, ஓட்டத்துலயே கழட்டி விட்டுட்டு வந்திருக்கீகளே மாமா!”

“நீயுமா மாப்ள? லாரியில இடது பக்க நட்டைத்தான் தலைகீழா, எதிர்ச்சுத்தா முறுக்கணும். அந்தக் காருல வலது பக்கம் தலைகீழ். வீலுக்கு ஒரே நட்டு, சுத்தியலால அடிச்சு முறுக்கணும். வலது வீலை அந்தக் காருக்கார வெள்ளைக்காரன் காட்டினபடியே முறுக்கிட்டு நிமிர்றேன், அந்த மைக்குப் புடிச்சவரு போட்டோவுக்கு நிக்க வந்து, சுத்தியலப் புடுங்கி நாலு அடி போட்டாரு.”

“எந்தப் பக்கமா?”

“கழட்டுற பக்கமா! கத்துறேன், அதுக்குள்ள பந்தயம் கிளம்பக் கொடியை ஆட்டிட்டாக.”

“வீலு?”

“முதல் வளைவுலயே போச்சு. ‘மதுரை லாரி மெக்கானிக்கின் தவறு’ன்னு அம்புட்டுப் பேருக்கும் கேக்க மைக்குல சொல்லிட்டாரு. இப்ப ஒரு லாரிக்காரனும் என்னைய வீலைத் தொட விட மாட்டேங்கிறான்.”

மைத்துனர் அதற்குமேல் சிரிக்கவில்லை.

ஐயா, கடைசியாக அந்தச் சுத்தியல் யார் கையில் இருந்தது? அதே மைக்கில், அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.