முகப்பு விளக்குகளுக்குப் பூசிய விபூதி

காலையில் காபி குடித்ததும் கீழே இறங்கி, நிறுத்தியிருக்கும் கார்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். இதில் தப்பொன்றும் இல்லை என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள், ஷோபா. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என்பதால் முதலில் உங்களிடம் சொல்ல வந்தேன்.

வேலையில் இருந்தவரை ராணுவத் தளவாடங்களுக்குத் தர ஆய்வு செய்தவன் நான். எது வந்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, சரி என்றோ கூடாது என்றோ சொல்வேன். ஓய்வு பெற்றுப் போலாரத்துக்குக் குடிவந்த பிறகு யாரும் என்னிடம் எதையும் காட்டவில்லை. ரசத்துக்கு உப்புப் பார்க்கக்கூடக் கல்பகம் என்னைக் கூப்பிடுவதில்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

அப்போதுதான் என் பழைய காரின் முகப்பு விளக்கைக் கவனித்தேன். அதன் பிளாஸ்டிக் மூடி வெயிலில் பழுத்து, காமாலை வந்த கண் மாதிரி இருந்தது. உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தேன். முதலில் முரட்டுத்தாள், பிறகு மெல்லிய தாள், கடைசியில் பாலிஷ். துடைத்ததும் உள்ளே பல்பு பளிச்சென்று தெரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

மறுநாளே மூன்றாம் மாடி மோகன் வந்தான். "அனந்தராமன் மாமா, என் வண்டியையும் கொஞ்சம் பாருங்களேன். ஒண்ணும் அர்ஜெண்ட் நக்கோ, மெதுவா பண்ணுங்க" என்றான். அவனைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். பால்கனிக்குப் பால்கனி மாமா, மாமா என்று கூப்பிட்டார்கள். பாலிஷுக்கு மேல் ஒரு பூச்சு உண்டு. பூசினால் வருஷக்கணக்கில் மங்காது. நான் அதைப் பூசவில்லை. மறந்துபோனேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியும் ஒரு நாள் எல்லா விளக்கும் தெளிந்துவிட்டன. மோகன் புதுக் காரே வாங்கிவிட்டான். மறுபடியும் எல்லாரும் ஒரு குட் மார்னிங்கோடு நகர ஆரம்பித்தார்கள்.

ஆயுத பூஜைக்கு எல்லா வண்டிக்கும் விபூதி, சந்தனம், குங்குமம் வைப்பது என் பொறுப்பு என்று உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் சனத்நகர்ப் பக்கம் போய், இரும்பைத் தேய்க்கும் பொடி கொஞ்சம் வாங்கிவந்தேன். சாம்பல் நிறம்தான், விபூதியோடு நன்றாகச் சேர்ந்துகொண்டது. விளக்குகளில் பட்டையாகப் பூசினேன். நான் பூசினேன், அவ்வளவுதான். மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தது கார் கழுவும் தினேஷ்.

எல்லா விளக்கும் பால் ஊற்றியது போல மங்கிப்போயின. மோகன் பட்டான்செருவிலிருந்து வரும்போது ஓர் எருமை நின்றது தெரியாமல் இடித்துவிட்டான். எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை, பம்பர்தான் போயிற்று. கூட்டம் போட்டீர்கள். நிபுணர் என்று என்னைத்தான் கேட்டீர்கள். தினேஷின் துணியில் மண் இருந்திருக்கும் என்று சொன்னேன். "மைன் குச் நை கரா, சாப்", தான் ஒன்றும் செய்யவில்லை என்று அவன் என்னைப் பார்த்துத்தான் சொன்னான். இரண்டு பெண்களைப் படிக்கவைக்கிறவன். அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டீர்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் சாயங்காலம் என் வீட்டு வாசலில் வரிசை நின்றது; இரண்டு தோசை சாப்பிட்டேன்.

தீபாவளி வருகிறதல்லவா, முந்தாநாள் கல்பகம் வெள்ளிச் சாமான்களைத் தேய்க்க உட்கார்ந்தாள். நம் வீடுகளில் வெள்ளிக்கு விபூதிதானே. மீதி இருந்த டப்பா அவள் கையில் கிடைத்தது. அவள் அம்மா கொடுத்த வெள்ளிக் குடம் முழுக்கக் கீறல்.

"ஏன்னா, இது விபூதியா உப்புத்தாளா?" என்று கேட்டாள். பிறகு அவளே யோசித்துக் கண்டுபிடித்துவிட்டாள். "நீங்களாப் போய்ச் சொல்லிடுங்கோ. இல்லேன்னா நான் போய்ச் சொல்வேன்" என்றாள். டப்பாவைச் சாட்சிக்கென்று அலமாரியில் வைத்தாள். ஆக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானே வந்திருக்கிறேன். தினேஷைத் திரும்பக் கூப்பிடுங்கள். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை, எல்லாம் நான் செய்தது. இனி எந்தக் காரையும் தொடமாட்டேன்.

அந்தக் குடத்தை நேற்று உட்கார்ந்து தேய்த்தேன். வெள்ளி இவ்வளவு இதமாக வழிக்கு வரும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. கல்பகம் குடத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள்.

நேற்றுச் சாயங்காலம் வெள்ளி தேய்க்கக் கொஞ்சம் விபூதி கேட்டு நீங்கள் வந்தபோது, கல்பகம் கோயிலுக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்து கொடுத்தது நான். அலமாரியிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன். குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, எதையும் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஷோபா. அப்படியே எடுத்துவாருங்கள். மேசையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.