பூட்டுக்குள்ள ஒரு மாத்திரை

...இல்ல, நீங்களே சொல்லுங்க மேடம், கார் ஓட்டச் சொல்லித் தர்ற மனுஷன் ராத்திரி தூங்க வேணாமா? கிளட்ச்ச முழுசா மிதிங்க... ஆங், இப்ப ரெண்டாவது கியர்.

என் வீட்டுக்காரிக்கு மார்புல கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு. விட்டுது சனியன்னு பாத்தா, அதுக்கப்புறம் தெனம் ஒரு மாத்திரை, வருஷக்கணக்குல போடணுமாம். ஓரமா போங்க, அந்த லாரிக்காரன் நமக்கெல்லாம் பயப்பட மாட்டான்.

கட்டிதான் போயிருச்சே, மாத்திரை எதுக்குன்னு டாக்டரம்மாகிட்ட கேட்டேன். கேட்டது தப்பு. உக்கார வச்சுப் பாடமே எடுத்துட்டாங்க. அவளுக்கு வந்த வகையில, கேன்சர் செல்லுக்குள்ள பூட்டு மாதிரி ஒண்ணு இருக்காம். ஏற்பின்னு பேரு. ஒடம்புல தானா சுரக்குற ஹார்மோன் சாவியாட்டம் போயி அதுல மாட்டுமாம். மாட்டுனதும் 'வளரு, ரெண்டாப் பிரி'ன்னு உத்தரவு போயிடுமாம். மிச்சம் மீதி எங்கயாவது ஒளிஞ்சிருந்தா அதுவும் கெளம்பிடும். மாத்திரை முந்திக்கிட்டுப் போயி பூட்டுல உக்காந்துட்டா, ஹார்மோன் வெளிய நிக்க வேண்டியதுதான். சொந்த ஒடம்பே எதிரிக்குச் சோறு போடுது பாருங்க... நான் என் மச்சினனுக்குப் போடுற மாதிரி.

செவப்பு மேடம், செவப்பு. நிறுத்துங்க.

அந்த மாத்திரையால அவளுக்குத் திடீர் திடீர்னு ஒடம்பு கொதிக்குது. ஃபேன் முழு வேகம், ஜன்னல் தெறந்து கெடக்கும், நான் போர்வைக்குள்ள நடுங்கிட்டுக் கெடப்பேன். ஃபேனக் கொறைன்னு சொல்லிப் பாத்தேன். சும்மா இருப்பேனா? சொந்தக்காரங்க முன்னாடி அவ விசிறிக்கிறத நடிச்சுக் காட்டுனேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளுந்தான் சிரிச்சா. கொஞ்ச நாள்ல ஜன்னல் மூடியாச்சு. பரவால்ல, சொன்னாக் கேக்குறான்னு நானும் நிம்மதியாத் தூங்குனேன்.

போன வாரம் செக்கப்புக்குப் போனா, மாத்திரைய நிறுத்தி மாசக்கணக்காச்சுன்னு தெரியுது. டாக்டரம்மா ஏம்மான்னு கேட்டாங்க. என்னைப் பாக்காமலே சொல்றா, "அவரு தூங்கணும்ல."

அந்தம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே... ஸ்கேன் எடுத்திருக்காங்க. முடிவு இன்னும் வரல. மாத்திரைய மறுபடி ஆரம்பிச்சாச்சு, ஜன்னலும் தெறந்தாச்சு. நேத்தும் எனக்குத் தூக்கம் போச்சு. நான் என்ன, மாத்திரையவா நிறுத்தச் சொன்னேன்? ஃபேனத்தான கொறைக்கச் சொன்னேன்?

ஏங்க, எதுக்கு ஓரங்கட்டுறீங்க? எறங்கி எங்க போறீங்க? இன்னும் ரிவர்ஸே சொல்லித் தரலையே... மேடம்?