காஞ்சனா எழுதிய ‘பர்சோ’

தமிழ் பேசும் தலைகள் எங்கே தட்டுப்பட்டாலும் பெயரையும் முகவரியையும் கேட்டு வைத்து, இந்த இலக்கிய வட்டத்தைக் கட்டி எழுப்பி, இன்று இந்த அவைக்கும் தலைமை ஏற்றிருக்கும் கனகவல்லி அம்மையார் அவர்களே! அச்சுப் பிழை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, இப்போது மேடையின் ஓரத்தில் யாரையும் பார்க்காமல் அமர்ந்திருக்கும் தொகுப்பாசிரியர் அனந்தராமன் அவர்களே! லாலாகுடா ரயில்வே குடியிருப்புகளிலிருந்து பேருந்து மாறி வந்திருக்கும் பெரியோர்களே! மல்லாபூர் ஆலைகளில் ஷிப்ட் முடித்துக் கைகழுவிய ஈரத்தோடு வந்திருக்கும் தோழர்களே! மாதாப்பூரின் கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து விடுதலையாகி வந்திருக்கும் கணினித் தம்பிகளே, தங்கைகளே! பிள்ளைகளின் குறும்பையும் எங்கள் பேச்சையும் ஒருசேரப் பொறுத்தருளும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் அல்வாலில் இருந்து வந்திருக்கும் இந்த ஸ்டெல்லாவின் அன்பு நிறைந்த வணக்கம்!

என்ன அங்கே? பின்வரிசையில் கேட்கவில்லையா? மைக்கைக் குறை சொல்லாதீர்கள் ஐயா. மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட்டு மேடைப் பேச்சு கேட்கவில்லை என்றால் நான் என்ன செய்ய? முன்னால் வாருங்கள். நாற்காலி இருக்கிறது.

இன்று வெளியாகியிருக்கும் இந்த நூல், நம்முடைய நூல்! தெலுங்கும் உருதும் பேசும் இந்த நகரத்தில் வாழ்ந்து, இந்த நகரத்தில் வாடகை கொடுத்து, இந்த நகரத்தின் வெயிலில் வெந்து எழுதிய நம் கவிஞர்களின் நூல், நம் கதைஞர்களின் நூல்! பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டும் இர்பான் இதில் கவிதை எழுதியிருக்கிறார். கணினித் திரையில் அமெரிக்காக்காரர்களின் குறைகேட்டுக் களைத்துப்போகும் பத்மப்ரியா கவிதை எழுதியிருக்கிறார். சென்னையில் இருப்பவர்களுக்கு இவர்களைத் தெரியாது. தெரியாதது இவர்கள் குற்றமா? கடல் இருக்கும் ஊரில்தான் கவிதை பிறக்குமா? காவிரி பாயும் கரையில்தான் கதை முளைக்குமா? மூசி நதிக்கரையில் முளைத்தால் முகம் திருப்பிக்கொள்வீர்களா?

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் இன்று நான் கைதட்டல் வாங்க வரவில்லை. ஒரு சொல்லுக்காக வழக்காட வந்திருக்கிறேன். ஒரே ஒரு சொல்!

இந்த நூலில் காஞ்சனா எழுதிய கதை ஒன்று இருக்கிறது. காஞ்சனா லாலாகுடாவில் பிறந்தவர். ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில் பணிமனை வேலைக்கு வந்த குடும்பம். இப்போது ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நெடுங்காலமாகக் கதை எழுதுகிறார். எழுதி எழுதிச் சென்னைப் பத்திரிகைகளுக்கு அனுப்புவார். போன வேகத்தில் திரும்பி வரும். ‘தமிழில் எழுதவும்’ என்று ஒருவர் குறிப்பு வேறு வைத்திருந்தார். அதைச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்: “ஸ்டெல்லாக்கா, நான் பின்ன எதுல எழுதுனேன்?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். வேதா என்று ஒரு பெண். கணவன் இறந்து பல வருடம் ஆகிறது. அவன் போகும்போது கைக்குழந்தையாக இருந்த மகன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வேதா ஜெனரல் பஜாருக்கு வருகிறாள். கிளிப்பச்சையில் ஒரு புடவை, கண்ணைப் பறிக்கிறது. தனக்கென்று எடுத்துத் தோளில் போட்டுப் பார்க்கிறாள். அந்தக் காலத்தில் கணவனோடு வந்து வாங்கிய அதே கடை. கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டு கேட்கிறார்: “என்னம்மா, சாப் வரலியா?” வேதா சொல்கிறாள்: “பர்சோ போயிட்டாரு பாய். நீங்க வெலைய சொல்லுங்க.” அவ்வளவுதான். பேரம் நடக்கிறது. புடவையோடு வெளியே வருகிறாள். கதை முடிகிறது.

லாலாகுடாக்காரர்கள் தலையாட்டுகிறீர்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது. மாதாப்பூர்த் தம்பிகள் முழிக்கிறீர்கள். நம் அனந்தராமனும் உங்களைப் போலத்தான் முழித்தார். அவர் அனுமதி கொடுத்துத்தான் இதைச் சொல்கிறேன். அவர் கும்பகோணத்துக்காரர். இங்கே வந்ததும் பொறுப்பாக இந்தி கற்றுக்கொண்டார். இந்திப் புத்தகத்தில் பர்சோ என்றால் முந்தாநாள். ஆகவே பர்சோவை அடித்துவிட்டு, அழகான தமிழில், ‘நேற்று முன்தினம்’ என்று எழுதினார்!

விளைவு என்ன? முந்தாநாள் கணவனை இழந்தவள் இன்று கிளிப்பச்சைப் புடவைக்குப் பேரம் பேசுகிறாள்! அனந்தராமனுக்கே அதிர்ச்சி. உடனே காஞ்சனாவுக்குப் போன் செய்தார். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்கோ. ஆம்படையான் போய் காரியம்கூட ஆகலை. அவ புடவைக் கடைக்குப் போறாளே, வாசகா ஒத்துப்பாளா?”

அந்தப் பக்கத்திலிருந்து காஞ்சனா கேட்டாராம்: “காரியமா? அவரு செத்து எத்தினியோ வருஷம் ஆச்சே சார்!”

“நீங்கதானே பர்சோன்னு எழுதியிருக்கேள்?”

“ஹவ் சார், ஆமா, பர்சோதான். பர்சோன்னா பர்சோதானே!”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். இந்த ஊரில் நேற்றுக்கு முன்னால் நடந்தது எல்லாமே பர்சோதான். போன வாரம் வாங்கிய மிக்ஸியும் பர்சோ. போன தலைமுறையில் நடந்த கல்யாணமும் பர்சோ. இது இந்த மண்ணின் வழக்கு. இதில் என்ன வழக்கு என்கிறீர்களா? ‘சரி, பல ஆண்டுகளுக்கு முன்பு என்று மாற்றிவிடலாம்’ என்றது தொகுப்புக் குழு. நல்ல யோசனைதான். எல்லோருக்கும் பிடித்திருந்தது, எழுதியவரைத் தவிர.

காஞ்சனா சொன்னார்: “நக்கோ சார், வேணாம். வருஷக்கணக்கு போட்டா, அவளுக்கு எல்லாம் ஆறிப்போச்சுன்னு ஆயிடும். முந்தாநாளுன்னு போட்டா, அவ அழுதுட்டே இருக்கணும். அவ ரெண்டும் இல்ல. அதான் பர்சோ. இல்லன்னா கதைய எடுத்துடுங்க, பரவால்ல.”

அவையோரே! நான் அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவள். மேடையில் செந்தமிழ் பேசுபவள். என் பேச்சில் தேவையில்லாமல் ஓர் ஆங்கிலச் சொல் கலந்தால் எனக்கே நாக்கு கூசும். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் என் செந்தமிழைத் தேடித் துழாவிப் பார்த்தேன். ஆறாமலும் அழாமலும் ஒரு துயரம் இருக்குமே, அதற்கு நாள் குறிக்கும் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. காஞ்சனாவுக்குக் கிடைத்திருந்தது. காய்கறிக் கடையில் கிடைத்திருந்தது, ரயில் பணிமனைக் கலாசிகளின் குடியிருப்பில் கிடைத்திருந்தது!

என்ன ஐயா? எழுந்தே நின்றுவிட்டீர்களே. ‘அப்படியானால் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாமா?’ என்கிறார் முன்வரிசைப் பெரியவர். நியாயமான கேள்வி. எழுதக் கூடாது ஐயா! சொல் கிடைக்காத சோம்பலில் எவன் கலந்து எழுதினாலும் அவனை உங்களோடு சேர்ந்து நானும் திட்டுவேன். காஞ்சனா ‘முன்ன’ என்று எழுதிப் பார்த்தார், ‘அன்னிக்கு’ என்று எழுதிப் பார்த்தார், எல்லாவற்றையும் அடித்துவிட்டுத்தான் இந்தச் சொல்லை வைத்தார். தேர்ந்தெடுத்து வைத்த சொல்லை நாம் தெரியாமல் எடுக்கலாமா? உட்காருங்கள் ஐயா, இன்னும் இருக்கிறது.

அனந்தராமன் முதலில் இணங்கவில்லை. ‘தமிழ் நூலில் இது எப்படி?’ என்றே நின்றார். அவர் மனத்தை மாற்றியது நான் அல்ல, அவர் மகள். இங்கேயே பள்ளியில் படிக்கும் பெண். வீட்டில் தமிழில் பேசினால் தெலுங்கில் பதில் சொல்வாள் என்று அவருக்கு நீண்ட நாள் வருத்தம். ஒருநாள் சாப்பிடும்போது அவளாகவே தமிழில் சொல்லியிருக்கிறாள்: “அப்பா, பர்சோ தாத்தா என்னை தோள்ல தூக்கிண்டு கோயிலுக்குப் போனாரே, ஞாபகம் இருக்கா?” அந்தத் தாத்தா, அனந்தராமனின் அப்பா, மறைந்து வருடங்கள் ஆகின்றன. மனிதர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். கைகழுவியதும் காஞ்சனாவுக்குத்தான் போன் செய்தார். “உங்க சொல்லே இருக்கட்டும் மேடம்” என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் வாழ்த்திவிட்டு இறங்கியிருப்பேன். முடியவில்லையே!

கணினித் தம்பிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? அனந்தராமனின் கணினியில் இந்த நூல் ‘ஃபைனல்’ என்று ஒரு கோப்பாக இருந்தது. திருத்தியதும் ‘நியூ ஃபைனல்’ ஆனது. மறுபடி திருத்தியதும் ‘லேட்டஸ்ட் ஃபைனல்’ ஆனது. அச்சகத்துக்குப் போனது எது? பழைய ஃபைனல்! நேற்று மாலை சென்னையிலிருந்து பார்சல் வந்தது. பிரித்தோம். காஞ்சனாவின் கதையைத் திறந்தோம். ‘நேற்று முன்தினம்’ என்று பளபளவென்று அச்சாகியிருந்தது.

அனந்தராமன் விழாவையே தள்ளிவைக்கச் சொன்னார். அழைப்பிதழ் போய்விட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது. இன்று மேடையில் கதை படிக்க இருந்த காஞ்சனா காலையில் வந்ததும் தலைவர் அம்மையார் அந்தப் பக்கத்தை அவர் கையிலேயே கொடுத்தார். மறைக்கவில்லை. காஞ்சனா படித்தார். புத்தகத்தை மூடினார். யார்மீதும் கோபப்படவில்லை. “நான் இன்னைக்கு படிக்கலக்கா. இது நான் எழுதினது இல்ல” என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். அதோ, தூண் பக்கத்தில். திரும்பிப் பார்க்காதீர்கள், அவருக்குச் சங்கடம்.

வெளியூர்க்காரன் திருப்பி அனுப்பிய காலத்தில்கூட எழுதியவர், தன் ஊர் மேடையில் தன் கதையைப் படிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். இதைப் பார்த்துக்கொண்டு நாம் பாராட்டுரை கேட்கலாமா? பொன்னாடை போர்த்தலாமா? பஜ்ஜி சாப்பிட்டு வீட்டுக்குப் போகலாமா?

தலைவர் அவர்களே, நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்றைச் செய்கிறேன். பொறுத்தருளுங்கள்.

வாசலில் நூல் வாங்கியவர்கள் எல்லோரும் எடுங்கள். காஞ்சனாவின் கதையின் கடைசிப் பக்கத்தைத் திறங்கள். பேனா வைத்திருப்பவர்கள் பேனாவை எடுங்கள். இல்லாதவர்கள் பக்கத்தில் கேளுங்கள். ‘நேற்று முன்தினம்’ இருக்கிறதா? ஒரு கோடு போடுங்கள். மேலே, உங்கள் கையால், அவர் எழுதிய சொல்லை எழுதுங்கள். சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள்!

முன்வரிசைப் பெரியவரே, பேனா வேண்டுமா? இந்தாருங்கள், என்னுடையது. அனந்தராமன் சார், நீங்கள் ஏன் மேடையில் இருக்கிறீர்கள்? கீழே போங்கள். உங்கள் மகள் அங்கே பேனாவோடு விழிக்கிறாள், பாருங்கள். பேசத் தெரிந்த சொல், எழுதத் தெரியவில்லை. கையைப் பிடித்து எழுத வையுங்கள்.

ஆகிவிட்டதா? கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. எந்த அச்சகமும் இனி இதை மாற்ற முடியாது. சென்னை நூலகத்துக்குப் போகும் பிரதிகளும் இப்படியே, கையெழுத்தோடுதான் போகும்!

காஞ்சனா, இப்போது இது நீ எழுதியதுதான். எழுந்து வா அம்மா. அழாதே. அழுதாலும் பரவாயில்லை, வா. என் பேச்சுக்கு ஒதுக்கிய நேரத்தில் மிச்சமிருப்பது எல்லாம் உனக்கு. வழிவிடுங்கள், தம்பிகளே. வழக்கைப் பொறுமையாகக் கேட்டு, தீர்ப்பையும் கையாலேயே எழுதிக் கொடுத்த அவைக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம். கதையைக் கேளுங்கள்.