முன்கூட்டியே சொன்ன பந்து

"இன்னொரு கரண்டி போட்டுக்கிட்டா ஒண்ணும் குடி முழுகிடாது, லிசாந்த்ரோ அண்ணே—"

"வேண்டாம் நெரெய்தா, வயிறு—"

"வயித்தைப் பத்திப் பேசாதீங்க. ரேடியோவுல மூணு மணி நேரம் கத்துற வயிறு அது. தட்டை நீட்டுங்க."

நீட்டினேன். ஞாயிறுதோறும் இந்தச் சண்டையில் நான்தான் தோற்பேன். நெரெய்தாவின் சான்கோச்சோவில் மரவள்ளி குழைந்து கரைந்திருக்கும். சான் பெத்ரோவில் அப்படியொரு குழம்பு கிடையாது. எதிரே அவள் மகன் எலியேசர். இடது கண் இல்லாததால் அந்தப் பக்கமிருந்த உப்புக் குப்பியைத் தட்டிவிட்டான். நான் எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

அவனைப் போல நானும் பேஸ்பாலில் பந்து வீசியவன்தான். ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காமல் தொடர்ந்து முப்பத்திரண்டு இன்னிங்ஸ். எங்கள் குளிர்கால லீகில் இருபத்து நான்கு வருடமாக அதை யாரும் தொடவில்லை. தோள் போனபின் வர்ணனைக்கு வந்தேன். எனக்கென்று இருப்பது அந்த எண் ஒன்றுதான்.

இரண்டு வருடம் முன்பு ஓர் ஆட்டத்தில் எலியேசரும் ஓட்டமே கொடுக்காமல் முப்பத்தொரு இன்னிங்ஸை முடித்திருந்தான்.

அன்று மேலே வர்ணனைக் கூண்டிலிருந்து ஒன்றைக் கவனித்தேன். வளைபந்து போடப்போகும்போது அவன் கையுறை ஒரு விரல் அகலம் விரிந்தது. வேகப்பந்து என்றால் மூடியே இருந்தது. வீசுகிறவனுக்கு இது தெரியாது. இடைவேளையில் இறங்கிப்போய் ஒரு வார்த்தை சொன்னால் திருத்திக்கொள்வான். நான் இறங்கவில்லை. பந்து கையை விட்டுப் போகுமுன்பே ஒலிவாங்கியில் சொல்லத் தொடங்கினேன். "வளைபந்து." "இப்போ வேகம்." ஒன்றுகூடப் பிசகவில்லை. உடன் வர்ணித்த மாக்சிமோ தொடையைத் தட்டினார்.

"யோவ், உன் உடம்புல என்ன பேயா புகுந்திருக்கு?"

எதிரணி ஆட்டக்காரர்கள் உட்காரும் கொட்டகையில் ஒரு சின்ன ரேடியோ எப்போதும் ஓடும். அந்த அணிக்கு ஆடிய காலத்தில் அதை வாங்கி வைத்ததே நான்தான். நான்கு பந்துக்குப் பிறகு அங்கிருந்து விசில் கேட்டது. வேகப்பந்துக்கு மட்டும் விசில், மட்டைக்காரனுக்குச் சைகை. என் சொல் போய்ச் சேருகிறது என்று புரிந்தது. அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம்.

"வேகம்" என்றேன். விசில் வந்தது. மட்டைக்காரன் காத்திருந்து அடித்தான். பந்து நேரே எலியேசரின் முகத்துக்குத் திரும்பியது.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் ஓட்டம். புல்லில் உருண்டோடும் ஓர் அடி போதும்; கண்ணை யார் கேட்டது? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிவருகிறேன். ஆம்புலன்ஸில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு போனவனும் நான்தான். அதை மறக்காமல்தான் நெரெய்தா சோறு போடுகிறாள். முப்பத்திரண்டு அப்படியே நிற்கிறது. மாக்சிமோ அதைச் சொல்லும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

எலியேசர் கரண்டியைக் கீழே வைத்தான்.

"மாமா, நான் போடுறதுக்கு முன்னாடியே என்ன பந்துன்னு சொன்னீங்களாமே, சலூன்ல இன்னும் அதையே பேசுறாங்க. அப்ப நான்தான் எதையோ வெளிய காட்டியிருக்கேன். என் தப்பு என்னன்னு சொல்லிடுங்க மாமா, மனசாவது ஆறும்."